ஆறாயிரம் மீட்டரில் எது தாக்குப்பிடித்தது? 1917–18 போர் விமானங்களின் உயர ஒப்பீடு

முதல் உலகப் போர் விமானங்களைப் பற்றிய எந்தப் பட்டியலை எடுத்தாலும் 'உச்சவரம்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். சாப்வித் கேமல் 5,800 மீட்டர், ஃபோக்கர் டிஆர்.1 6,100 மீட்டர், ரம்ப்ளர் சி.7 7,300 மீட்டர். இந்த எண்களை வரிசையாக அடுக்கி 'இது அதைவிட மேல்' என்று தீர்ப்புச் சொல்வது சுலபம். பல நேரம் அந்தத் தீர்ப்பு தப்பாகவும் இருக்கும்.

நடைமுறை உச்சவரம்பு என்பது, விமானம் ஏறும் வேகம் நிமிடத்துக்கு 100 அடியாக, அதாவது சுமார் 30 மீட்டராகக் குறைந்துபோகும் உயரம். அங்கே எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால்தான் விமானம் மட்டமாகவாவது பறக்கும். மிகக் குறைந்த பறக்கும் வேகத்துக்கும் எட்டக்கூடிய உச்ச வேகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுருங்கிவிடும். ஒரு பக்கம் சாய்த்துத் திருப்பினாலே நூறு மீட்டர் கீழே போய்விடும். எதிரியின் பின்னால் வளைந்து போய்ச் சுடுவதெல்லாம் நடக்காது. அதனால் ஒரு விமானத்தை உயரத்துக்காக எடை போடும்போது மூன்று கேள்வி கேட்க வேண்டும். அங்கே போய்ச் சேர எத்தனை நிமிடம்? போன பிறகு திரும்பவும் துரத்தவும் சக்தி மிச்சம் உண்டா? உள்ளே உட்கார்ந்திருப்பவர் அந்த நேரத்தில் என்ன நிலையில் இருப்பார்? 1917 வாக்கில் முதல் இரண்டு கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவதுதான் கடைசிவரை இழுத்தது.

மேலே போனால் என்ன மாறும்

6,000 மீட்டரில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அடர்த்தி ஏறக்குறைய 54 சதவீதம். சராசரி வெப்பநிலை மைனஸ் 24 டிகிரி. 7,000 மீட்டரில் மைனஸ் 30. திறந்த காக்பிட், முகத்தில் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் அடிக்கும் காற்று.

எஞ்சினின் சக்தி கிட்டத்தட்ட அடர்த்தியோடு சேர்ந்தே இறங்கும். தரையில் 200 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின் அங்கே நூறை ஒட்டித்தான் கொடுக்கும். பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையும் கெட்டுவிடும். கார்புரேட்டர் தரைமட்டக் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலை விடும்; மெலிந்த காற்றில் அதே அளவு பெட்ரோல் அதிகமாகிவிடும். விமானி ஒரு நெம்பைக் கையால் நகர்த்திப் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே ஏற வேண்டும். மறந்தால் கரும்புகை வரும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், சுற்று குறையும். இறங்கும்போது திரும்பக் கூட்ட மறந்தால் எஞ்சின் இருமிவிட்டு நின்றுபோகும்.

நீர்க்குளிர்ச்சி எஞ்சினுக்கு இன்னொரு தலைவலி. 6,000 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 80 டிகிரியிலேயே கொதிக்கும். தரையில் பாதுகாப்பான வெப்பநிலை என்று நினைத்த அளவே அங்கே கொதிநிலை. ஆவி வெளியேறினால் தண்ணீர் குறையும், தண்ணீர் குறைந்தால் எஞ்சின் இறுகும். நீண்ட இறக்கத்தில் இதற்கு நேர் எதிர்: எஞ்சின் சூடில்லாமல் ஓட, குளிர்காற்றில் ரேடியேட்டர் தண்ணீர் உறையத் தொடங்கும். ரேடியேட்டருக்கு முன்னால் திறந்து மூடும் தகடுகள் வைத்தது இதற்காகத்தான். ஏறும்போது திற, இறங்கும்போது மூடு, நடுநடுவே எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கிச் சூடாக வைத்துக்கொள்: இதுதான் நடைமுறை.

நேரக் கணக்கும் முக்கியம். போரின் தொடக்க ஆண்டுகளில் பிரிட்டன் நம்பியிருந்த பி.இ.2சி விமானம் 10,000 அடி, அதாவது 3,050 மீட்டர் ஏற முக்கால் மணி நேரம் எடுத்தது. அதன் உச்சவரம்பே அதுதான். 1918இல் அதே உயரத்துக்கு ஒரு நல்ல சண்டை விமானம் பத்து, பதினொரு நிமிடத்தில் போனது.

சுழலும் எஞ்சினா, நீர்க்குளிர்ச்சியா

கேமலும் எஸ்.இ.5ஏயும் ஒரே காலத்தில், ஒரே பிரிட்டிஷ் படைக்குப் பறந்தவை. 15,000 அடி, அதாவது 4,570 மீட்டர் ஏற இரண்டுக்குமே ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். காகிதத்தில் சமம் என்றே தோன்றும். மேலே போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கேமலில் இருந்தது 130 குதிரைத்திறன் கிளெர்ஜே சுழல் எஞ்சின். சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெல்லரோடு சேர்ந்தே சுற்றும். எடை குறைவு, தண்ணீர் தேவையில்லை, ரேடியேட்டர் ஓட்டையாகும் பயமில்லை. ஆனால் 12,000 அடிக்கு மேல், ஏறக்குறைய 3,650 மீட்டர் தாண்டியதும், அதன் துடிப்பு தெரியும் அளவுக்குக் குறையும். கலவையைச் சரிபார்க்கும் நெம்பு வேறு, காற்றைக் கட்டுப்படுத்தும் நெம்பு வேறு. இரண்டையும் உயரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூளைக்கு ஆக்சிஜன் குறையும் இடத்தில் விரல் நுணுக்கம் கேட்கும் வேலை இது. உராய்வுக்குப் போடுவது நம் விளக்கெண்ணெய். பெட்ரோலில் அது கரையாது என்பதால் தேர்ந்தெடுத்தார்கள். ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது, புகையாகவும் துளியாகவும் விமானியின் முகத்தில்தான் விழும். அதைச் சுவாசித்தும் விழுங்கியும் வயிறு என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் தெரியும்.

ஜெர்மன் பக்கம் டிஆர்.1 மூவிறக்கை விமானத்தின் கதை இன்னும் மோசம். 110 குதிரைத்திறன் ஓபருர்செல் எஞ்சின், அழுத்த விகிதமும் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற கணக்கு) குறைவு. ஏறும் வேகத்துக்குப் பேர்போன விமானம்தான், ஆனாலும் உயரத்தில் சக்தி சட்டென்று வடிந்துவிடும். எதிரிகளின் கடல் முற்றுகையால் ஆமணக்கு எண்ணெய் கிடைக்காமல் மாற்று எண்ணெய் ஊற்றினார்கள். 1918 கோடையில் எஞ்சின்கள் வரிசையாகக் கெட்டன. பட்டியலில் இருக்கும் 6,100 என்ற எண்ணைப் பார்த்து இதை உயரச் சண்டை விமானம் என்று நினைக்கக் கூடாது.

எஸ்.இ.5ஏயில் 200 குதிரைத்திறன் ஹிஸ்பானோ-சுய்சா, பிறகு அதையே ஒட்டிய வோல்ஸ்லி வைப்பர். எட்டு சிலிண்டர், நீர்க்குளிர்ச்சி. 4,500 மீட்டருக்கு மேல் கேமலைவிட வேகம் அதிகம், பறப்பது நிலையாக இருக்கும். குறை எங்கே என்றால் துப்பாக்கியில். மேல் இறக்கைமீது இருக்கும் லூயிஸ் துப்பாக்கியின் தோட்டா வட்டு தீர்ந்தால், துப்பாக்கியை வளைந்த தண்டவாளத்தில் கீழே இழுத்து, காலி வட்டைக் கழற்றி, 97 தோட்டா உள்ள புது வட்டைக் காற்றுக்கு எதிராகத் தூக்கி மாட்ட வேண்டும். தரைக்கு அருகில் சில விநாடி வேலை. 5,500 மீட்டரில் அதை முடிப்பதற்குள் மூச்சு வாங்கிக் கண் இருட்டும். வங்காளத்தில் பிறந்த இந்திர லால் ராய் 40ஆம் படைப்பிரிவில் ஓட்டியது இந்த விமானத்தைத்தான். 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் பத்து வெற்றிகள், ஜூலை 22இல் மரணம்.

உயரத்துக்கென்றே யோசித்துச் செய்தது சாப்வித் டால்பின். மேல் இறக்கை கீழ் இறக்கையைவிடப் பின்தள்ளி இருக்கும். விமானியின் தலை மேல் இறக்கையின் சட்டத்துக்கு நடுவே வெளியே நிற்கும். மேலே, முன்னே, பக்கவாட்டில் எல்லாம் தெளிவாகத் தெரியும். ரேடியேட்டர்கள் இரு பக்கமும் இருப்பதால் வெந்நீர்க் குழாய்கள் காக்பிட் சுவரை ஒட்டியே போகும். அந்தக் காலத்துக்கு அது கதகதப்பான இருக்கை. 6,100 மீட்டர்வரை ஏறும். ஆனால் கவிழ்ந்து இறங்கினால் முதலில் தரையில் படுவது விமானியின் தலை. மேல்நோக்கிச் சாய்த்து வைத்த லூயிஸ் துப்பாக்கிகள் ஆடி விமானியின் முகத்தில் இடிக்கும். பல்சக்கரம் வைத்த ஹிஸ்பானோ எஞ்சினில், சரியாகக் கடினப்படுத்தாத சக்கரங்கள் உடைந்து தொல்லை கொடுத்தன. இத்தனை குறைக்கும் நடுவே, 5,500 மீட்டருக்கு மேல் ரோந்து போக பிரிட்டிஷ் தரப்பில் டால்பினைவிடப் பொருத்தமான ஒற்றை இருக்கை விமானம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

ஜெர்மனியின் இரண்டு வழிகள்

ஃபோக்கர் டி.7 என்று சொன்னால் எந்த எஞ்சின் என்று கேட்க வேண்டும். மெர்சிடிஸ் பொருத்தியது ஒரு விமானம், பி.எம்.டபிள்யூ 3ஏ பொருத்தியது இன்னொரு விமானம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். மெர்சிடிஸ் வகை 5,000 மீட்டர் ஏறப் பாதி மணி நேரத்தை நெருங்கும் அல்லது தாண்டும். பி.எம்.டபிள்யூ வகை கால் மணி நேர அளவில் போய்விடும்.

ரகசியம் மாக்ஸ் ஃபிரிட்ஸ் வடிவமைத்த அதிக அழுத்த விகிதத்தில். பழைய மெர்சிடிஸில் 4.5 அளவில் இருந்த விகிதம் இதில் 6ஐத் தாண்டியது. அன்றைய பெட்ரோலுக்குத் தரைமட்டத்தில் அது தாங்காது. கலவை முன்கூட்டியே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும். மெலிந்த காற்றில் சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம் குறைவு என்பதால் உயரத்தில் ஆபத்தில்லாமல் முழுப் பயனையும் எடுக்கலாம். எனவே விமானிக்குக் கட்டளை: சுமார் 2,000 மீட்டருக்குக் கீழே முழுதாகத் திறக்காதே. எதிரி துரத்தும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது வேறு கதை.

சீமென்ஸ்-ஷுக்கர்ட் டி.4 வேறு வழியில் போனது. அதன் 160 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 11 சிலிண்டர்கள். சிலிண்டர்கள் ஒரு பக்கம் நிமிடத்துக்கு 900 சுற்று, உள்ளே இருக்கும் அச்சு எதிர்ப்பக்கம் 900 சுற்று. எஞ்சினுக்கு 1,800 சுற்றின் பலன், புரொப்பெல்லருக்கு 900 சுற்றின் நிதானம். அதனால் பெரிய நான்கு இதழ்ப் புரொப்பெல்லரைப் போட முடிந்தது. மெலிந்த காற்றைப் பிடிக்க அதுதான் வேண்டும். உச்சவரம்பு 8,000 மீட்டர். ஏற்றத்தில் இதை மிஞ்சப் போர்க்களத்தில் எதுவும் இல்லை.

பிறகு ஏன் டி.7 பெயர் வாங்கியது? சீமென்ஸ் விமானத்தின் முன்னோடி டி.3 1918 வசந்தத்தில் படைக்கு வந்தபோது அதன் எஞ்சின்கள் 7 முதல் 10 மணி நேரத்திலேயே இறுகிப்போயின. மூடிய உறைக்குள் காற்றோட்டம் போதவில்லை, மாற்று எண்ணெயும் காலை வாரியது. திருப்பி அனுப்பி, உறையின் கீழ்ப்பாதியை வெட்டி எறிந்து, புது எஞ்சினோடு ஜூலையில் மீண்டும் கொண்டுவந்தார்கள். அதற்குள் போர் முடியும் தறுவாய். எஞ்சின் நின்றுபோகும் விமானத்துக்கு 8,000 மீட்டர் என்ற எண் அலங்காரம்தான்.

இதுவரை வந்தவையும் இனி வரப்போகிறவையும் ஒரே பார்வையில்:

| விமானம் | எஞ்சின் (குதிரைத்திறன்) | உச்சவரம்பு (மீட்டர், ஏறத்தாழ) | எங்கே இடறும் |
|---|---|---|---|
| சாப்வித் கேமல் | கிளெர்ஜே 130 | 5,800 | 3,650க்கு மேல் சக்தி வடியும் |
| சாப்வித் டால்பின் | ஹிஸ்பானோ 200 | 6,100 | எஞ்சின் பல்சக்கரம் |
| ஃபோக்கர் டி.7 (பி.எம்.டபிள்யூ) | 185 | 7,000 | கீழே முழு வேகம் கூடாது |
| சீமென்ஸ்-ஷுக்கர்ட் டி.4 | 160 | 8,000 | எஞ்சின் ஆயுள் |
| ரம்ப்ளர் சி.7 | மேபாக் 240 | 7,300 | அதன் குழுவினரின் உடல் |
| டி.எச்.4 | ஈகிள் 375 | 6,700 | இருவர் இருக்கையும் தள்ளித் தள்ளி |
| டி.எச்.9 | பூமா 230 | 4,700 | குண்டோடு இன்னும் கீழே |

படம் எடுப்பவரும் துரத்துபவரும்

உயரத்தை உண்மையிலேயே தொழிலாக வைத்திருந்தது ரம்ப்ளர் சி.7. இரு இருக்கை உளவு விமானம். மேபாக் எம்.பி.4ஏ எஞ்சினும் பி.எம்.டபிள்யூ போலவே அதிக அழுத்தத்தில் ஓடுவது. 'ரூபில்ட்' என்ற படப்பிடிப்பு வகையில் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கியைக் கூடக் கழற்றிவிட்டு எடையைக் குறைத்தார்கள். மின்சாரத்தால் சூடாகும் உடை, ஆக்சிஜன், நீண்ட குவியத்தூரக் கேமரா. 6,000 மீட்டருக்கு மேலும் ஏறக்குறைய மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம். எதிரியின் சண்டை விமானம் அதன் உயரத்துக்கு வந்து சேர்வதற்குள் படம் எடுத்து முடித்துத் திரும்பிவிடும்.

இதைப் பிடிப்பது எப்படி என்பதற்கு பிரிட்டிஷ் விமானி ஜேம்ஸ் மெக்கடன் கண்ட விடைதான் சிறந்தது. எஞ்சின் மெக்கானிக்காகப் படையில் தொடங்கியவர். தன் எஸ்.இ.5ஏயில் அதிக அழுத்த பிஸ்டன்களைப் போட்டு, எஞ்சினையும் துப்பாக்கியையும் தானே சரிபார்த்து, 6,000 மீட்டர் அளவுக்கு ஏறினார். அவருடைய 57 வெற்றிகளில் இரு இருக்கை விமானங்களே மிக அதிகம். அவர் செய்தது மூன்று விஷயம். ரம்ப்ளர் வரும் நேரத்துக்கு முன்பே ஏறிக் காத்திருப்பது. சூரியன் பக்கமிருந்து வருவது. ரம்ப்ளரின் பின்னிருக்கைத் துப்பாக்கி திரும்ப முடியாத வால் அடிப்பகுதியில் நுழைவது. ஆக்சிஜன் இல்லாமலேயே போனதால் இறங்கிய பிறகு கடும் தலைவலியில் அவதிப்பட்டார்.

ரம்ப்ளரையும் எஸ்.இ.5ஏயையும் நேருக்கு நேர் வைத்தால் விமானத்தில் ரம்ப்ளரே ஜெயிக்கும். மெக்கடனின் எஞ்சின் ஞானம்தான் அந்த இடைவெளியை அடைத்தது. சாதாரணப் படைப்பிரிவு விமானியால் அதே எஸ்.இ.5ஏயில் அதே வேலையைச் செய்ய முடியவில்லை. 1918 ஜூலை 9இல் ஓஸி-லெ-ஷாட்டோவில் மெக்கடனின் விமானம் புறப்பட்டதும் எஞ்சின் நின்று விழுந்து அவர் இறந்தார். ஆறாயிரம் மீட்டரில் பிழைத்தவருக்குச் சாவு தரைக்கு அருகில் காத்திருந்தது.

குண்டு சுமப்பவை: டி.எச்.4, டி.எச்.9

முந்தையதைவிடப் புதியது மோசம் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. பிரிட்டனின் டி.எச்.4இல் ரோல்ஸ்-ராய்ஸ் ஈகிள் 8 எஞ்சின், 375 குதிரைத்திறன். 6,700 மீட்டர் உச்சவரம்பு. அதன் குறை இருக்கை அமைப்பு. விமானிக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவே பெட்ரோல் தொட்டி. பேசுவதற்கு ஒரு குழாய்தான். உயரத்தில் பின்னால் இருப்பவர் மயங்கி விழுந்தால் விமானிக்குத் தெரியாது.

டி.எச்.9 இதைச் சரிசெய்தது. இரண்டு இருக்கையும் அருகருகே வந்தன, தொட்டி முன்னால் போனது. எஞ்சின் மட்டும் பூமா. 300 குதிரைத்திறன் தரும் என்று எதிர்பார்த்த அந்த எஞ்சினின் அலுமினிய வார்ப்புகளில் சிக்கல் வர, 230க்குக் குறைத்தார்கள். காலியாகப் போனால் 4,700 மீட்டர். குண்டுகளோடு அணிவகுத்துப் போனால் 4,000 மீட்டர் தாண்டுவதே திண்டாட்டம். ஜெர்மன் சண்டை விமானங்களுக்கு அது மிக வசதியான உயரம். 1918 ஜூலை 31இல் 99ஆம் படைப்பிரிவின் 12 டி.எச்.9 புறப்பட்டன, எஞ்சின் கோளாறால் சில திரும்பிவிட, மீதியில் ஏழு விழுந்தன. மே முதல் நவம்பர்வரை 99, 104 ஆகிய இரண்டு படைப்பிரிவுகள் மட்டும் 54 விமானங்களைச் சண்டையில் இழந்தன. விபத்தில் உருப்படாமல் போனவை 94. இரண்டாயிரம் மீட்டர் உயரக் குறைவுக்குக் கொடுத்த விலை இது.

ஆகாயக் கப்பல்கள்

1916 செப்டம்பர் 2 இரவு பிரிட்டிஷ் விமானி லீஃப் ராபின்சன் தன் பி.இ.2சியில் 10,000 அடி ஏற 53 நிமிடம் எடுத்தார், பிறகு 3ஆம் தேதி அதிகாலையில் எஸ்.எல் 11 என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பலை (ஹைட்ரஜனால் மிதக்கும் கலம்) எரித்து வீழ்த்தினார். விமானம் எட்டாத உயரத்துக்குப் போய்விடுவது என்று ஜெர்மன் கடற்படை முடிவெடுத்தது. 1917இல் வந்த 'உயரம் ஏறிகள்' எடை குறைத்த கப்பல்கள்: ஒரு எஞ்சினைக் கழற்றினார்கள், சட்டத்தை மெலிதாக்கினார்கள், குழுவினரின் வசதிகளை வெட்டினார்கள். 6,000 மீட்டர் கைக்கு வந்தது.

ஹைட்ரஜன் மேலே போகப் போக விரியும். முழுதாக நிரம்பிய கப்பல் 6,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 46 சதவீத வாயுவை வெளியே விட்டாக வேண்டும். அதாவது மேலே இருக்கும்வரைதான் சமநிலை. இறங்கும்போது கப்பல் கல்லாகக் கனக்கும், தள்ளுபாரம் (எடை குறைக்க வெளியே கொட்டும் சுமை) தீர்ந்திருந்தால் இறக்கம் கையை மீறும். எஞ்சின்கள் தரைமட்டத்துக்கு ஏற்றவை; உயரத்தில் பாதி சக்திதான் தரும். மெதுவாகப் போகும் இந்த உடம்பை உயரத்துப் பலத்த காற்று இழுத்துப்போனால் திரும்ப வழியில்லை.

1917 அக்டோபர் 19 இரவு பதினொரு கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போயின. கீழே அமைதி, மேலே வடக்கிலிருந்து புயல்காற்று. பல கப்பல்கள் பிரான்ஸுக்குள் அடித்துப்போகப்பட்டன. எல் 44 சுமார் 5,800 மீட்டரில் பீரங்கிக் குண்டு பட்டு எரிந்தது. எல் 49 பிரெஞ்சுக்காரர்களிடம் முழுதாகச் சிக்கியது. எல் 50 மத்தியதரைக் கடல்மேல் காணாமல் போனது. எல் 55 தப்பிக்க 7,600 மீட்டர்வரை ஏறியது. ஆகாயக் கப்பல்களில் அதுவே உச்சம். அதுவும் ஜெர்மனிக்குத் திரும்பி இறங்கும்போது உடைந்தது. இங்கிலாந்தின் விமானம் எதுவும் அந்த இரவில் ஒரு கப்பலையும் வீழ்த்தவில்லை. ஆனாலும் ஐந்து கப்பல் போயிற்று.

அந்த உயரமும் நிலைக்கவில்லை. 1918 ஆகஸ்ட் 5இல் பிரிட்டிஷ் தரப்பின் எக்பர்ட் காட்பரியும் ராபர்ட் லெக்கியும் ஒரு டி.எச்.4இல் ஏறி, சுமார் 5,000 மீட்டரில் இருந்த எல் 70ஐ எரித்தார்கள். கப்பல் படைத் தலைவர் பீட்டர் ஷ்ட்ராசர் அதில்தான் இருந்தார். அடுத்து எல் 65ஐத் தாக்கியபோது துப்பாக்கி முடங்க, அது தப்பியது. (காட்பரி, சாக்லேட் குடும்பத்துப் பிள்ளைதான்.)

மூச்சும் குளிரும்

ஆக்சிஜன் குறைபாட்டின் பெரிய ஆபத்து, அது வலிக்காது என்பது. 1875 ஏப்ரலில் 'செனித்' என்ற பலூனில் போன மூன்று பிரெஞ்சுக்காரர்களிடம் ஆக்சிஜன் பைகள் இருந்தன. அவசியம் வரும்வரை சேமித்து வைத்தார்கள். அவசியம் வந்தபோது கையைத் தூக்க முடியவில்லை. இருவர் இறந்தார்கள். 5,500 மீட்டரில் ஆக்சிஜன் இல்லாமல் தெளிவாகச் செயல்பட இருபது, முப்பது நிமிடம் இருக்கிறது என்பது விமான மருத்துவத்தின் கணக்கு. 7,600 மீட்டரில் மூன்று முதல் ஐந்து நிமிடம். குளிரும் உடலுழைப்பும் அதை இன்னும் குறைக்கும். முதலில் போவது நிதானம்: எரிபொருள் பார்க்க மறப்பது, திசைகாட்டியைத் தப்பாகப் படிப்பது, எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றுவது.

பிரிட்டிஷ் வழி, எஃகு உருளையில் அடைத்த ஆக்சிஜன். 1917இல் ஜார்ஜஸ் டிரையர் செய்த கருவி, உயரத்துக்கு ஏற்ப ஓட்டத்தைத் தானே கூட்டும். விமானி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அதுதான் அதன் பலம். உருளை கனம்; வாயுவில் ஈரம் இருந்தால் வால்வில் பனி உறைந்து அடைக்கும். ஜெர்மானியர்கள் முதலில் உருளையும், பிறகு திரவ ஆக்சிஜனும் எடுத்துப் போனார்கள். திரவம் எடை குறைவு. ஆனால் பயன்படுத்தாவிட்டாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும்; பறப்பதற்குச் சற்று முன்தான் ஊற்ற வேண்டும், தளத்துக்கு அருகிலேயே கிடைக்கவும் வேண்டும். அதை உறிஞ்சியது புகைக்குழாய் நுனி போன்ற ஒன்றைப் பல்லில் கடித்து. மயங்கினால் வாயிலிருந்து நழுவும், நழுவினால் மயக்கம் தெளியாது. முகமூடிதான் சரியான வழி. அது பரவலாக வருவதற்குள் போர் முடிந்தது. ஆகாயக் கப்பல்களில் உருளை வாயுவில் எண்ணெயும் கிளிசரினும் கலந்திருந்ததால் குமட்டல் வந்தது. அதனால் தாங்கும்வரை தாங்குவோம் என்று பலர் அதைத் தொடாமலேயே இருந்து சுருண்டார்கள். பிறகு திரவக் காற்றுக்கு மாறினார்கள்.

குளிருக்கு முகத்தில் திமிங்கலக் கொழுப்பு, தொடைவரை ஆட்டுத்தோல் பூட்ஸ், சிட்னி காட்டன் வடிவமைத்த சிட்காட் உடை. கையுறையைக் கழற்றாமல் நெரிபட்ட தோட்டாவை எடுக்க முடியாது. கழற்றினால் உலோகத்தில் தோல் ஒட்டும். துப்பாக்கி எண்ணெய் குளிரில் பிசினாகும். அதனால் எண்ணெயைத் துடைத்து மெல்லிய பூச்சு மட்டும் விட்டு, ஏறும்போதே நடுநடுவே சில குண்டுகள் சுட்டுப் பார்ப்பார்கள்.

இறங்குவது

மேற்குப் போர்முனையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும், உயரத்தில் இன்னும் வேகமாக. 5,000 மீட்டரில் எஞ்சின் நின்றால் காற்றில்லாத நாளில் சுமார் நாற்பது கிலோமீட்டர் வழுக்கிப் போகலாம். எதிர்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் அதில் பாதி கூடத் தேறாது. பிரிட்டிஷ் விமானிக்கு அந்தப் பாதி எதிரியின் மண்.

உயரத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்து தப்பிப்பதும் எல்லா விமானத்துக்கும் பொருந்தாது. ஜெர்மனியின் அல்பட்ராஸ் டி.3, டி.5 ஆகியவற்றின் கீழ் இறக்கைக்கு ஒரே தாங்குதண்டு. பாய்ச்சலில் அது முறுக்கி உடையும். டிஆர்.1 வந்த புதிதில், 1917 அக்டோபர் கடைசியில், மேல் இறக்கை பிய்ந்து ஜெர்மன் விமானி ஹைன்ரிஷ் கோன்டர்மன் அடிபட்டு இறந்தார்; படை அந்த வகையை நிறுத்திவைத்தது. எஸ்.இ.5ஏயும் பிரான்ஸின் ஸ்பாட் 13உம் பாய்ச்சலுக்கு உறுதியானவை. உயரத்தில் சண்டை தொடங்கி எங்கே முடியும் என்று தெரியாத விமானிக்கு, உச்சவரம்பில் 300 மீட்டர் கூடுதலைவிட இந்த உறுதி மேல்.

பாராசூட்டில் ஜெர்மனி முந்தியது. 1918இல் ஹைனெக்கே பாராசூட்டை விமானிகளுக்குக் கொடுத்தார்கள். ஜூன் 29இல் எர்ன்ஸ்ட் உடெட் குதித்தபோது பட்டை வாலில் மாட்டிக்கொண்டு, தரைக்கு மிக அருகில்தான் விரிந்தது; பிழைத்தார். பிரிட்டிஷ் படை பலூன் பார்வையாளர்களுக்குக் கொடுத்ததை விமானிகளுக்குப் போர் முடியும்வரை கொடுக்கவில்லை. கேமலில் பெட்ரோல் தொட்டி விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

போருக்குப் பிறகு எஞ்சின் பக்கம் வேகமாக முன்னேறியது. 1919 ஜூனில் ஜெர்மன் விமானி ஃபிரான்ஸ் டீமர் பி.எம்.டபிள்யூ எஞ்சினோடு 9,760 மீட்டர் ஏறினார். அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ், புகைபோக்கிக் காற்றால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவை லிபர்ட்டி எஞ்சினில் பொருத்தினார். 1920 பிப்ரவரி 27இல் ருடால்ஃப் ஷ்ரோடர் அப்படிப்பட்ட விமானத்தில் 33,000 அடியைத் தாண்டினார். அங்கே அவருடைய ஆக்சிஜன் ஓட்டம் தடைபட்டது. என்னவென்று பார்க்கக் கண்ணாடியை உயர்த்தினார். கண்ணின் ஈரம் உறைந்தது, நினைவு போனது. விமானம் கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர் விழுந்த பிறகு, தரைக்கு அருகில் நினைவு திரும்பி, பாதிக் குருடாக மெக்குக் ஃபீல்ட் விமானத் தளத்தில் இறக்கினார். வேகமாக ஏறிய அழுத்தத்தில் பெட்ரோல் தொட்டிகள் நசுங்கியிருந்தன. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை.